வினவலும் ஏவலும்: துணை இனக்குழுக்களைக் கையாளும் பல்லுருவாக்கக் கருத்தின் வரலாறு (1965–2023)

ஆய்வுச்சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு தாய் இனக்குழுவிலிருந்து கிளைத்த பல துணை இனக்குழுக்களின் பொருள்களை ஒரே வகையினவாகக் கையாள உதவும் கருத்து பல்லுருவாக்கம் ஆகும். அறிமுகப் பாடங்களில் இது முழுமையாக உருப்பெற்ற ஓர் இலக்கணக் கூறுபோலக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும், பொருளிடம் அதன் வகையை வினவிச் செயல்படும் முறையும், வகையை வினவாமல் பொருளையே செயல்பட ஏவும் முறையும் தொடக்கத்திலேயே ஒரே மொழியில் அருகருகே இடம்பெற்றிருந்தன. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான இழுபறியே பல்லுருவாக்கத்தின் வரலாறு என்பதைச் சிமுலா, ஸ்மால்டாக், சி++, ஜாவா ஆகிய மொழிகளின் வளர்ச்சிவழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பல்லுருவாக்கம், துணை இனக்குழு, மெய்நிகர் செயற்கூறு, மரபுரிமம், பதிலீட்டுக் கொள்கை, சிமுலா, ஸ்மால்டாக்

முன்னுரை

‘ஒரு பெயர், பல வடிவம்’ என்பது பல்லுருவாக்கத்திற்கு வழக்கமாகத் தரப்படும் வரையறை. நினைவில் கொள்ள எளிய இவ்வரையறை இரு வகைகளில் குறையுடையது. முதலாவதாக, ஒரே பெயரில் பல செயற்கூறுகளை எழுதும் பணிமிகுப்பையும், துணை இனக்குழுவுக்கு ஏற்ப இயக்க நேரத்தில் செயற்கூறு தெரிவாவதையும் இது வேறுபடுத்துவதில்லை. இரண்டாவதாக, இக்கருத்து எந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத் தோன்றியது என்பதை இது மறைத்துவிடுகிறது.

சிக்கலை அறியாமல் தீர்வை மட்டும் கற்கும்போது தீர்வு விதியாக இறுகிவிடுகிறது. நிபந்தனைக் கூற்று காணும் இடமெல்லாம் அதனை நீக்கித் துணை இனக்குழுக்களை அமைக்கவேண்டும் என்னும் அறிவுரை அவ்வாறு இறுகிய ஒன்று. அண்மைக்கால மொழிகள் நிபந்தனைவழி வகை அறியும் முறைக்கு மீண்டும் இடமளித்திருப்பதை இவ்விதியைக் கொண்டு விளக்க இயலாது. எனவே, துணை இனக்குழுக்களிடையே உள்ள வேறுபாட்டை அறிந்துவைத்திருக்கும் பொறுப்பு யாருடையது, பயன்படுத்தும் நிரலுடையதா, துணை இனக்குழுவினுடையதா என்னும் வினாவை முன்வைத்து இவ்வரலாறு இங்கு அணுகப்படுகிறது.

சுங்கச்சாவடியில் நின்ற வரிசை

நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிரிஸ்டன் நீகோர், ஓலே-யோஹான் டால் ஆகிய இருவரும் 1960களின் தொடக்கத்தில் சிமுலா மொழியை உருவாக்கத் தொடங்கினர். நடைமுறை உலகின் அமைப்புகளைக் கணிப்பொறியில் பாவனையாக்கம் செய்வதே அதன் நோக்கம். முதற்சிமுலா 1965 அளவில் யூனிவாக் 1107 கணிப்பொறியில் பயன்பாட்டுக்கு வந்தது. வரிசையில் காத்திருத்தல், சேவை பெறுதல், வெளியேறுதல் முதலிய நிகழ்வுகளை அம்மொழி திறம்பட விவரித்தது.

அம்மொழியைப் பயன்படுத்தும்போது ஒரு குறை மீண்டும் மீண்டும் தென்பட்டது. பாலம் ஒன்றின் சுங்கச்சாவடியில் பேருந்துகளும் சரக்குந்துகளும் ஒரே வரிசையில் நிற்பதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் வாகனங்கள், இரண்டும் வரிசையில் சேரும், காத்திருக்கும், சுங்கம் செலுத்தும். ஆயினும் முதற்சிமுலாவில் இவை தனித்தனியே அறிவிக்கப்படவேண்டியிருந்தன. பொதுப் பண்புகளை ஒருமுறை எழுதி இரண்டுக்கும் பகிர வழியில்லை. 1966 ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய எடுத்துக்காட்டை ஆராய்ந்தபோதே முன்னொட்டு என்னும் தீர்வு புலப்பட்டதாக டாலும் நீகோரும் பின்னாளில் எழுதிய வரலாற்றுக் கட்டுரை தெரிவிக்கிறது.

இத்தீர்வுக்கு முன்னோடி உண்டு. டோனி ஹோர் 1965 இல் பதிவுகளைக் கையாளும் முறையை முன்வைத்தார். 1966 செப்டம்பரில் பிரான்சின் வில்லார்-தெ-லான் நகரில் நடைபெற்ற கோடைப்பள்ளியில் பதிவினங்களையும் அவற்றின் துணை இனங்களையும் விளக்கினார். அவருடைய பதிவுகள் தரவுகளை மட்டும் கொண்டவை. நார்வே அறிஞர்களுக்குத் தரவோடு செயலும் தேவைப்பட்டது. ஓர் இனக்குழுவின் பெயரை மற்றோர் இனக்குழுவின் அறிவிப்புக்கு முன்னால் ஒட்டினால் முன்னதன் பண்புகளும் செயல்களும் பின்னதற்கும் உரியவையாகும் என்பது அவர்கள் கண்ட முறை. ‘வாகனம்’ என்பதைச் ‘சரக்குந்து’ என்பதன் முன் ஒட்டினால் சரக்குந்து வாகனத்தின் துணை இனக்குழு ஆகிறது. 1967 மே மாதம் ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள லைசேபுவில் நடைபெற்ற மாநாட்டில் இனக்குழுவும் துணை இனக்குழுவும் பற்றிய கட்டுரை அளிக்கப்பட்டது.

எனவே, துணை இனக்குழு என்னும் கருத்து வகைப்பாட்டு ஆர்வத்தால் தோன்றியதன்று. வெவ்வேறு வகைப் பொருள்கள் ஒரே வரிசையில் நிற்கவேண்டிய தேவையால் தோன்றியது. பலவற்றை ஒன்றாக நிறுத்திய பிறகு அவற்றை எவ்வாறு வேறுபடுத்துவது என்பதே அடுத்த சிக்கலாயிற்று.

ஒரே மொழியில் இரு வழிகள்

சிமுலா 67 மொழியில் வாகன வகையைச் சுட்டும் மாறி, பேருந்தையும் சுட்டலாம், சரக்குந்தையும் சுட்டலாம். ஆனால் அம்மாறியின் வழியாக வாகனத்துக்குப் பொதுவான பண்புகளை மட்டுமே அணுக நிரல்பெயர்ப்பி இசையும். சரக்குந்தின் சுமையை அறியவேண்டுமாயின் அது சரக்குந்துதான் என்பது முதலில் உறுதியாகவேண்டும்.

இதற்கு அம்மொழி இரு வழிகளை வழங்கியது. ஒன்று, ‘இன்ஸ்பெக்ட்’ என்னும் கூற்று. மாறி சுட்டும் பொருளை ஆய்ந்து, அது பேருந்தாயின் இதனைச் செய்க, சரக்குந்தாயின் அதனைச் செய்க, வேறாயின் மற்றொன்றைச் செய்க என்று கிளை பிரிக்கலாம். இது வினவும் முறை. மற்றொன்று, ‘வெர்ச்சுவல்’ எனக் குறிக்கப்பட்ட செயற்கூறு. ‘சுங்கம் கணக்கிடு’ என்பதை வாகனத்தில் மெய்நிகராக அறிவித்து, ஒவ்வொரு துணை இனக்குழுவிலும் அதற்குரிய வரையறையை எழுதலாம். சாவடி ‘சுங்கம் கணக்கிடு’ என்று ஏவும். எந்த வரையறை இயங்கவேண்டும் என்பதை முன்னிற்கும் பொருளின் உண்மையான இனக்குழு தீர்மானிக்கும். இது ஏவும் முறை.

இவ்விரண்டின் வேறுபாடு பொறுப்பின் இடத்தைப் பற்றியது. வினவும் முறையில் வாகன வகைகளின் பட்டியல் சாவடியின் நிரலில் உள்ளது. புதிதாகச் சிற்றுந்து வருமாயின் சாவடியைத் திருத்தவேண்டும். எடைமேடை, வாகன நிறுத்தம் என வகையை வினவும் இடங்கள் பலவாயின் அனைத்தையும் தேடித் திருத்தவேண்டும். ஏவும் முறையில் சிற்றுந்தே தன் சுங்கத்தை அறிந்து வருகிறது; சாவடி மாறவேண்டியதில்லை. சிமுலா 67 இவற்றுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் பிரிக்கவில்லை. அத்தரவரிசை பின்வந்த காலத்தின் படைப்பாகும்.

பெயர் வந்த வழி

சிமுலா வட்டாரத்தில் மெய்நிகர் செயற்கூறு பிறந்த அதே 1967 ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில், கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி கோபன்ஹேகனில் நிரலாக்க மொழிகளின் அடிப்படைகள் பற்றி விரிவுரையாற்றினார். பல்லுருவாக்கம் என்னும் சொல்லை நிரலாக்க மொழியியலில் நிலைநிறுத்தியவர் அவரே. கூட்டல் குறி முழு எண்களுக்கு ஒருவாறும் பின்ன எண்களுக்கு வேறொருவாறும் செயற்படுவதைத் தற்செயல் பல்லுருவாக்கம் என்றும், ஒரே செயற்கூறு எத்தரவினத்தின் பட்டியலுக்கும் ஒரே முறையில் இயங்குவதை அளவுருப் பல்லுருவாக்கம் என்றும் அவர் பிரித்தார். துணை இனக்குழுவுக்கு அப்பகுப்பில் இடமில்லை. ராபின் மில்னர் 1978 இல் வகுத்த தரவினப் பல்லுருவாக்கக் கோட்பாடும் அளவுரு வகையையே வளர்த்தெடுத்தது.

ஆக, இன்று பல்லுருவாக்கத்தின் தலையாய எடுத்துக்காட்டாகக் கருதப்படுவது ஓரிடத்திலும், அப்பெயர் மற்றோரிடத்திலும் தோன்றின. ஸ்மால்டாக் வட்டாரத்தில் 1981 அளவில் இச்சொல் பொருள்நோக்குப் பொருளில் வழங்கியது. லூகா கார்டெல்லி, பீட்டர் வெக்னர் ஆகியோர் 1985 இல் வெளியிட்ட விரிவான கட்டுரை இரு மரபுகளையும் ஒரே பகுப்பில் இணைத்தது. அளவுருப் பல்லுருவாக்கத்தையும் உள்ளடக்கப் பல்லுருவாக்கத்தையும் பொதுநிலை வகையில் அடக்கி, பணிமிகுப்பையும் தானியங்கு இனமாற்றத்தையும் தற்செயல் வகையில் அவர்கள் அடக்கினர். துணை இனக்குழுவின் பொருள் ஒவ்வொன்றும் தாய் இனக்குழுவின் பொருளாகவும் கருதப்படுதலே உள்ளடக்கம். ‘ஒரு பெயர், பல வடிவம்’ என்னும் வரையறை மங்கச்செய்வது இவ்வேறுபாட்டையே.

செய்தியே எல்லாம்

ஏவும் முறையை அதன் எல்லைவரை கொண்டு சென்றது ஸ்மால்டாக். யூட்டா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது 1966 இல் முதற்சிமுலாவை அறிந்த ஆலன் கே, பின்னர் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியைத் தொடங்கினார். 1972 ஆம் ஆண்டின் வடிவத்தில் மரபுரிமம் இல்லை. பொருள்கள் தம்முள் செய்தி அனுப்பிக்கொள்ளுதலே மையம். டான் இங்கால்ஸ் முதன்மையாக வடிவமைத்த ஸ்மால்டாக்-76 இல் துணை இனக்குழுக்கள் இடம்பெற்றன. செய்தி பெறும் பொருளின் இனக்குழுவில் அதற்குரிய செயற்கூறு முதலில் தேடப்படும். இல்லையெனில் தாய் இனக்குழுவிலும், அதன் தாயிலும் எனத் தேடல் மேற்செல்லும்.

இம்முறையின் வீச்சை உண்மை, பொய் ஆகிய மதிப்புகளை ஸ்மால்டாக்-80 அமைத்த விதம் காட்டும். ‘பூலியன்’ என்னும் தாய் இனக்குழுவுக்கு ‘உண்மை’, ‘பொய்’ என இரு துணை இனக்குழுக்கள் உள்ளன. இரண்டு நிரல்தொகுதிகளைத் தந்து ‘உண்மையாயின் இது, பொய்யாயின் அது’ என்னும் செய்தியை அனுப்பினால், உண்மைப் பொருள் முதலாவதையும் பொய்ப் பொருள் இரண்டாவதையும் இயக்கும். நிபந்தனைக் கூற்றே இங்குப் பல்லுருவாக்கத்தின் ஒரு பயன்பாடாக மாறிவிடுகிறது. விரைவு கருதி நிரல்பெயர்ப்பி இதனை நேரடித் தாவலாக மாற்றிய போதிலும், கருத்தளவில் வினவலுக்கு அம்மொழியின் இலக்கணத்தில் தனியிடம் இல்லாமற்போனது.

அட்டவணையும் விலையும்

ஏவும் முறை பரவலாவதற்குத் தடையாக இருந்தது அதன் செலவு. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்டிரப் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வின்போது சிமுலாவில் ஒரு பாவனையாக்கியை எழுதினார். மொழியின் அமைப்பு அவருக்கு உவப்பாயினும் இயக்க வேகம் போதவில்லை. நிரலைப் பிசிபிஎல் மொழியில் திருப்பி எழுதவேண்டியதாயிற்று. 1979 இல் பெல் ஆய்வகத்தில் அவர் தொடங்கிய ‘இனக்குழுக்கள் கொண்ட சி’ என்னும் மொழியில் மரபுரிமம் இருந்தது. மெய்நிகர் செயற்கூறு இல்லை. சி++ என்று பெயர்பெற்ற 1983 ஆம் ஆண்டிலேயே அது சேர்க்கப்பட்டது. முதல் வணிக வெளியீடு 1985 அக்டோபரில் வந்தது.

அதுவரை துணை இனக்குழுக்களைக் கையாள எளிய வழி, தாய் இனக்குழுவில் வகையைக் குறிக்கும் எண் ஒன்றை வைத்து, பயன்படுத்தும் இடந்தோறும் அவ்வெண்ணை வினவிக் கிளை பிரிப்பதே. மெய்நிகர் செயற்கூறு இதனை அட்டவணையால் பதிலீடு செய்தது. ஒவ்வோர் இனக்குழுவுக்கும் அதன் மெய்நிகர் செயற்கூறுகளின் முகவரிகளைக் கொண்ட அட்டவணை அமைகிறது. ஒவ்வொரு பொருளும் தன் இனக்குழுவின் அட்டவணையைச் சுட்டும் மறைமுகச் சுட்டு ஒன்றைத் தாங்குகிறது. ஏவல் நிகழும்போது சுட்டின்வழி அட்டவணையை அடைந்து, குறித்த இடத்திலுள்ள முகவரிக்குச் செல்வதே செயல். ஸ்மால்டாக் மொழியில் உள்ளதுபோல் மேல்நோக்கித் தேடல் இல்லை. செலவு சில நினைவக அணுகல்களோடு நின்றுவிடுகிறது. அச்செலவும் தேவைப்படுவோருக்கு மட்டுமே. மெய்நிகர் எனக் குறிக்கப்படாத செயற்கூறு நேரடியாக அழைக்கப்படும்.

இயக்க நேரத்தில் வகையை வினவும் வசதியை ஸ்ட்ரூஸ்டிரப் தொடக்கத்தில் வேண்டுமென்றே தவிர்த்தார். சிமுலாவில் அவ்வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டதைக் கண்டதே காரணம் என்று தம் மொழியின் வரலாற்றைக் கூறும் 1994 ஆம் ஆண்டு நூலில் அவர் விளக்கியுள்ளார். ஆயினும் நூலகப் பயனர்கள் தாமே குறுக்குவழிகளை அமைத்துக்கொண்டதால், 1990களில் தரப்பாட்டுக் குழு அவ்வசதியை மொழியில் சேர்த்தது. வாயிலில் நிறுத்தப்பட்ட வினவல் பக்கவாயிலில் நுழைந்ததற்கு இது முதற்சான்று.

ஏவலுக்கு வேண்டிய நம்பிக்கை

வினவாமல் ஏவுவோர், ஏவப்படுவதை நம்பவேண்டும். சுங்கம் கணக்கிட ஏவப்பட்ட அவசர ஊர்தி சுழியத்தை விடையாகத் தரலாம். சாவடி தடையின்றி இயங்கும். அது எதிர்மறைத் தொகையைத் தந்தாலோ, கணக்கிட மறுத்துப் பிழையை எழுப்பினாலோ, வாகனம் என்னும் பெயரை நம்பிய சாவடி நிலைகுலையும். செயற்கூறின் பெயரும் தரவினங்களும் பொருந்துவது மட்டும் இங்குப் போதாது.

இச்சிக்கலை 1987 இல் ஆற்றிய தொடக்கவுரையில் பார்பரா லிஸ்கோவ் தெளிவாக முன்வைத்தார். 1994 இல் ஜெனட் விங்குடன் இணைந்து அதற்கு முறையான வரையறை அளித்தார். தாய் வகையின் பொருள்களைப் பற்றி மெய்ப்பிக்கத்தக்க பண்புகள் துணை வகையின் பொருள்களுக்கும் மெய்யாக நிற்கவேண்டும் என்பதே பதிலீட்டுக் கொள்கையின் சாரம். பெர்ட்ராண்ட் மேயர் ஐஃபெல் மொழியில் வகுத்த ஒப்பந்தமுறையும் இதே திசையிலானது: துணை இனக்குழு முன்நிபந்தனையைத் தளர்த்தலாம், இறுக்கலாகாது, பின்நிபந்தனையை இறுக்கலாம், தளர்த்தலாகாது. வில்லியம் குக்கும் அவருடைய சகஆய்வாளர்களும் 1990 இல் மரபுரிமமும் துணை வகையும் ஒன்றல்ல என்று நிறுவினர். நிரல்வரிகளைத் தாயிடமிருந்து பெறுவதாலேயே ஒன்று தாயின் இடத்தில் நிற்கும் தகுதியைப் பெற்றுவிடாது.

1995 இல் வெளிவந்த ஜாவாவில் பொருள்சார் செயற்கூறுகள் இயல்பாகவே மெய்நிகரானவை; தடைசெய்யவே தனிக்குறிப்பு வேண்டும். ஏவும் முறை விதிவிலக்கு நிலையிலிருந்து பொதுவிதி நிலைக்கு உயர்ந்தது. நம்பிக்கைச் சிக்கல் அங்கும் தொடர்ந்தது. பேருந்துகளின் அணியை வாகனங்களின் அணியாகக் கருத ஜாவா இசைகிறது. அவ்வழியாகச் சரக்குந்து ஒன்றை அதில் இட முயன்றால் நிரல்பெயர்ப்பி தடுப்பதில்லை. இயக்க நேரத்தில்தான் பிழை எழுகிறது. பேருந்துகளின் அணி எந்த வாகனத்தையும் ஏற்கும் அணியின் இடத்தில் நிற்கத் தகுதியற்றது என்பது பதிலீட்டுக் கொள்கையால் தெளிவாகும்.

வினவலின் மீள்வருகை

ஏவும் முறையின் வலிமை புதிய வகைகளைச் சேர்ப்பதில் உள்ளது. புதிய செயல்களைச் சேர்ப்பதில் அது வலுவிழக்கிறது. வாகனங்களுக்குச் சுங்கத்தோடு புகை அளவும் கணிக்கவேண்டுமாயின், எல்லாத் துணை இனக்குழுக்களையும் திறந்து புதிய செயற்கூற்றைச் சேர்க்கவேண்டும். வினவும் முறையில் அது ஒரே இடத்தில் எழுதப்படும் ஒரே கூற்று. ஜான் ரெனால்ட்ஸ் 1975 இலேயே இவ்விரு அணுகுமுறைகளும் ஒன்றையொன்று நிரப்புவன என்று எடுத்துக்காட்டினார். 1998 இல் பிலிப் வாட்லர் இவ்வெதிர்நிலைக்குக் ‘கோவைச் சிக்கல்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1994 இல் வெளிவந்த வடிவமைப்புப் பாங்குகள் பற்றிய நூலிலுள்ள ‘வருகையாளர்’ பாங்கு, ஏவலை இருமுறை அடுக்கி வினவலின் பயனைப் பெறும் சுற்றுவழியே.

ஹோப், எம்எல் முதலிய சார்புநிலை மொழிகள் வகைகளின் பட்டியலை முன்னரே மூடிவைத்து, வடிவப் பொருத்தத்தால் கிளை பிரிக்கும் முறையை நெடுங்காலமாகப் பேணிவந்தன. அம்முறை 2021 இல் வெளியான ஜாவா 17 பதிப்பில் அடைப்பிட்ட இனக்குழுக்களாகவும், 2023 இல் வெளியான ஜாவா 21 பதிப்பில் வடிவப் பொருத்தமுள்ள கிளைக்கூற்றாகவும் நிலைபெற்றது. எவை துணை இனக்குழுக்கள் என்பதைத் தாய் இனக்குழுவே வரையறுத்துவிடுவதால், கிளைக்கூற்றில் ஏதேனும் ஒரு வகை விடுபட்டால் நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டும். சிமுலாவின் ‘இன்ஸ்பெக்ட்’ கூற்றில் இல்லாத பாதுகாப்பு இது. மீண்டு வந்தது பழைய வினவலே எனினும், புதிய வகை வரும்போது திருத்தவேண்டிய இடங்களைத் தேடும் சுமையை அது நிரலரின் தோளிலிருந்து இறக்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

துணை இனக்குழு, வெவ்வேறு பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்தவேண்டிய பாவனையாக்கத் தேவையால் தோன்றியது. அவற்றைக் கையாள வினவல், ஏவல் ஆகிய இரு வழிகளும் 1967 இலேயே ஒரே மொழியில் வழங்கப்பட்டன. பல்லுருவாக்கம் என்னும் பெயர் வேறொரு மரபில் பிறந்து, 1985 ஆம் ஆண்டின் பகுப்பில் துணை இனக்குழுக் கருத்தோடு முறையாக இணைந்தது.

ஸ்மால்டாக் தொடங்கி ஜாவா வரை ஏவல் மேலோங்கியது. அதற்குச் சி++ இன் அட்டவணை முறை செலவைக் குறைத்தது. பதிலீட்டுக் கொள்கை நம்பிக்கைக்கு வரையறை தந்தது. செயல்கள் பெருகும் சூழலில் ஏவல் போதாமையால் வினவல் மீண்டும் மொழிக்குள் இடம்பெற்றது.

எனவே, நிபந்தனைக் கூற்றை நீக்குவதே பல்லுருவாக்கத்தின் நோக்கம் எனக் கற்பிப்பது வரலாற்றோடு பொருந்தாது. எதிர்காலத்தில் பெருகப்போவது வகைகளா, செயல்களா என்று கேட்டு, அதற்கேற்பப் பொறுப்பைத் துணை இனக்குழுவிடமோ பயன்படுத்தும் நிரலிடமோ ஒப்படைப்பதே இவ்வரலாறு கற்பிக்கும் முறை. சுங்கச்சாவடிக்கு நாளை புதிய வாகனங்கள் வருமாயின் ஏவலும், அதே வாகனங்களைப் பற்றிப் புதிய கணக்குகள் வேண்டுமாயின் வினவலும் பொருந்தும். தமிழில் நிரலாக்கப் பாடங்களை எழுதுவோர் வரையறையோடு இவ்வினாவையும் சேர்த்துத் தருவார்களாயின், கற்போர் இக்கருத்தைச் சூத்திரமாக மனனம் செய்யாமல் தேர்வாக உணர்ந்து கையாள இயலும்.